நாலாயிரம் குண்டு

கார் கராஜுக்குள்ள வாங்க தம்பி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. குண்டு பூரா இந்த ஒரே பெட்டியிலதான் இருக்கு. நாலாயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு கூடவே இருக்கும், குறையாது. செந்தூர்னு பேரைப் பார்த்ததுமே, இவரு நம்ம தெக்கத்தி ஆளாத்தான் இருக்கணும்னு நினைச்சேன். எந்த ஊரு? உடன்குடியா? அப்படிச் சொல்லுங்க. எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணத்துக்கு முந்தி கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தேன். அதனால மருந்து வாசனை எனக்குப் புதுசு இல்ல.

உங்க மெசேஜை ரெண்டு தடவை படிச்சேன். மோட்டல் எடுத்து எட்டு மாசம் ஆச்சு. எவனோ வந்து கத்தியைக் காட்டினான். துப்பாக்கி வாங்கியாச்சு. ஆனா சுட்டுப் பழகணும்னா தோட்டா விலை கட்டுப்படியாகலை. நாமளே அடைச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, குண்டு மொத்தமா சல்லிசா எங்க கிடைக்கும்னு தேடிக்கிட்டு இருக்கீங்க. அவ்வளவுதான? நானும் இதே வழியிலதான் போனேன் தம்பி. ஒரு படி கூட மாறலை.

நீங்க புதுசுன்னா ஒண்ணு சொல்லிடறேன். குண்டு வேற, தோட்டா வேற. இந்தா, இது குண்டு, நுனியில இருக்குற துண்டு மட்டும்தான். ஈயம், மேல செம்புப் பூச்சு. இதுக்குப் பித்தளைக் கூடு வேணும், உள்ள மருந்து வேணும், பின்னால பத்த வைக்கிற மூடி வேணும். எல்லாம் சேர்ந்தாத்தான் தோட்டா. சுட்ட கூட்டைப் பொறுக்கிட்டு வந்து மறுபடி அடைச்சா பாதி விலைக்குள்ள முடிஞ்சிடும். நான் சுடப் பழகின வருஷம் அதுவும் இல்லாமப் போச்சு. கொரோனா வந்துச்சா, அதோட ஊர்ல இருக்குறவன் பூரா துப்பாக்கி வாங்கினான். கடையில போய்க் கேட்டா வெறும் அலமாரியைக் காட்டுறான். செவ்வாய்க்கிழமை காலையில லாரி வரும்னு சொல்லுவாங்க, ஆறரை மணிக்கே போய் வரிசையில நிப்பேன். ஆளுக்கு ஒரு டப்பா. எனக்கு முன்னால இருக்குற ஆளோட முடிஞ்சிடும். எல்லாத்துக்கும் காரணம் அந்தத் தட்டுப்பாடுதான், நான் இப்பவும் அதைத்தான் சொல்லுவேன்.

எதுக்குத் துப்பாக்கின்னு நீங்க கேட்கலை. ஆனாலும் சொல்றேன்.

எங்களுக்குப் பெட்ரோல் பங்கும் அதை ஒட்டி ஒரு கடையும் இருக்கு, நீங்க வர்ற வழியில பார்த்திருப்பீங்க. என் வீட்டுக்காரி பேரு உலகம்மாள். உலகுன்னு கூப்பிடுவேன். நர்சு. அவ விசாவுலதான் நான் இந்த அமெரிக்காவுக்கே வந்தேன், அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. பதினோரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில வேலை பார்த்தா. நமக்குன்னு ஒரு தொழில் வேணும்ல? நான்தான் வேலையை விடச் சொன்னேன். சந்தோஷமாத்தான் விட்டா. அழுதா, ஆனா சந்தோஷமாத்தான்.

கொரோனா பரவுறதுக்கு முந்தி, அந்தப் பிப்ரவரியில ஒரு மத்தியானம். அவ கல்லாவுல நிக்கிறா. நான் கூலர் ரூம்ல இருக்கேன். உங்களுக்குத் தெரியும்ல, பெரிய குளிர் ரூம். பின்னால இருந்து நாம பாலும் பீரும் அடுக்குவோம், முன்னால கண்ணாடிக் கதவைத் திறந்து வர்றவங்க எடுத்துக்குவாங்க. பால் கேனுக்கு நடுவுல பார்த்தா கடை முழுசும் தெரியும். ஒருத்தன் தலையில துணித் தொப்பியை இழுத்து மூடிக்கிட்டு நிக்கிறான். கை நீண்டிருக்கு. கையில துப்பாக்கி. எதிர்ல என் பொண்டாட்டி மூஞ்சி.

அந்தக் கூலர் கதவு கனமான கதவு தம்பி. திறந்தா கிறீச்சுன்னு சத்தம் வரும். சத்தம் கேட்டா அவன் பதறிப் போய்ச் சுட்டிருப்பான். நான் வெளிய வராம நின்னது அவ உயிரைக் காப்பாத்தத்தான். இதை அவகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அவ கேட்கவே இல்ல, நானாத்தான் சொன்னேன்.

கல்லாவைத் திறக்கும்போது ஒரே ஒரு தடவை அவ இந்தப் பக்கம் திரும்பினா. நாலு பால் கேனுக்கு நடுவுல என் மூஞ்சி. பார்த்தாளா, பார்க்கலையான்னு தெரியாது. அவன் போனான். நான் வெளிய வந்தேன். வந்ததும் என் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "கை ஐஸா இருக்கே, காப்பி ஊத்தித் தர்றேன், குடிங்க"ன்னா. துப்பாக்கி நீண்டது அவளைப் பார்த்து. காப்பி எனக்கு. அவ அப்படித்தான், எதையும் மனசுல வச்சுக்க மாட்டா.

மறு வாரமே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். துப்பாக்கி வாங்கினேன். ஞாயித்துக்கிழமை தவறாம சுடுற மைதானத்துக்குப் போனேன். மூணே மாசத்துல ஏழு கெஜத்துல இருந்து அட்டையில நெஞ்சுப் பகுதியில உள்ளங்கை அகலத்துக்குள்ள பத்தும் விழுந்துச்சு. அட்டையைக் கொண்டாந்து உலகுகிட்ட காட்டுவேன். "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு வெங்காயம் நறுக்கிட்டு இருப்பா. எங்க மக ஆரபி சிகாகோவுல படிக்கிறா. அவளுக்குப் போட்டோ எடுத்து அனுப்புவேன், பதில் வராது. படிக்கிற பிள்ளை, நேரம் இருக்காது.

ஒரு நாள் உலகு சொன்னா: "ஏங்க, கடையை வித்துடலாமா? என் நர்சு லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் செல்லும். நான் மறுபடி ஆஸ்பத்திரிக்கே போறேன்."

"எதுக்கு? இனிமே என்ன பயம்? நான்தான் இருக்கேன்ல?"

"கதவுல மணி அடிச்சாலே நான் ரெண்டு எட்டு பின்னால போயிடுறேங்க."

"பழகப் பழகச் சரியாப் போயிடும். என்னையே பாரேன்."

அவ எழுந்து விளக்கை அணைக்கப் போயிட்டா. நான் சொன்னது சரின்னு பட்டிருக்கும்.

அந்தச் சமயத்துலதான் தோட்டா இல்லாமப் போச்சு. ஒரு வாரம் சுடலைன்னா குறி தப்புது. அப்புறம்தான் இந்த மேசை, அடைக்கிற மெஷின் எல்லாம் வாங்கினேன். மருந்து கிடைச்சுது. மூடிக்கு ஒரு ஆளைப் பிடிச்சேன். குண்டுதான் கிடைக்கலை. கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்டா ஆறு மாசம்ங்கிறான். ஒருத்தன் காசை வாங்கிட்டு ஆளையே காணோம். ஒருத்தன் வீட்டுலயே ஈயத்தை உருக்கி ஊத்தின குண்டு குடுத்தான், அது குழலெல்லாம் ஈயமா அப்பிக்கிச்சு. தூங்கி எழுந்ததும் போனை எடுத்து அதைத்தான் பார்ப்பேன். கல்லாவுல நிக்கும்போதும் அதைத்தான் பார்ப்பேன். சாமான் வாங்க வந்தவங்க முன்னால நின்னு, நான் நிமிரட்டும்னு இருமுவாங்க.

அப்பத்தான் டோரதின்னு ஒரு அம்மாவோட விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. இங்க இருந்து மேக்க மூணரை மணி நேரம் போகணும். புருஷன் செத்துட்டாரு, அவரு சேர்த்து வச்ச குண்டு நாலாயிரம், மொத்தமா எடுக்குறவங்களுக்குத்தான் குடுப்பேன்னு போட்டிருந்துச்சு. விலை? கடையில விக்கிறதுல கால்வாசி. போன் அடிச்சேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வா, வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சொல்லுச்சு அந்த அம்மா.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது உலகுகிட்ட சொன்னேன்.

"சனிக்கிழமை கடையில வேற யாரும் இல்லையேங்க"ன்னா.

"ஒரு நேரம்தான. மூணு மணிக்கெல்லாம் திரும்பிடுவேன்."

"மழை வரும்னு சொல்றான். மழைன்னா எல்லாரும் தலையை மூடிக்கிட்டு வருவாங்க. எனக்கு மூஞ்சி தெரியாது. இந்த ஒரு வாரம் போகாதீங்க."

"உனக்காகத்தானே போறேன்? ஊரு சுத்திப் பார்க்கவா போறேன்?"

தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவ ஆரம்பிச்சுட்டா. தண்ணி ரொம்ப நேரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

போனேன். நல்ல வீடு. வாசல்லயே அந்த அம்மா என் இடுப்பைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. எழுபது வயசு இருக்கும்.

"அதுல தோட்டா போட்டிருக்கியா?"

"ஆமா. பாதுகாப்புக்கு."

"போட்ட துப்பாக்கி இந்த வீட்டுக்குள்ள வராது. எடுத்துட்டு வா."

கோபமா எல்லாம் சொல்லலை. காலைத் துடைச்சுக்கிட்டு வான்னு சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. சரின்னு வண்டிக்குப் போனேன். தோட்டா அடுக்கியிருக்குற சட்டத்தைக் கழட்டி முன்னால இருக்குற டப்பாவுல போட்டேன். குழல்ல இருந்ததையும் எடுத்துட்டேன். காலித் துப்பாக்கியை இடுப்புல செருகிக்கிட்டு உள்ள போனேன்.

கராஜ் முழுக்கக் காப்பித் தகர டப்பா. ஒவ்வொண்ணுலயும் தேதி, எடை, எண்ணிக்கை, எல்லாம் அவரு கையெழுத்துல. பார்க்கவே கண்ணு நிறைஞ்சுது. என்ன ஒழுங்கான மனுஷன்! "உங்க வீட்டுக்காரரு பெரிய ஆளும்மா"ன்னேன்.

டோரதி சொல்றாங்க: "முப்பத்தெட்டு வருஷம் சாயங்காலம் ஆனா இங்கதான் இருப்பாரு. கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவேன். 'இதோ'ம்பாரு. அந்த 'இதோ'வோடதான் நான் வாழ்ந்தேன்."

பாவம், புருஷன் போன துக்கத்துல என்னமோ சொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டேன். டீ போடட்டுமான்னு கேட்டாங்க. நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் பெட்டியை ஏத்தினேன்.

வண்டி கிளம்பும்போதே மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு மணிக்குக் கடைக்குப் போன் அடிச்சேன், உலகு எடுத்தா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. குண்டு கிடைச்சிருச்சுன்னு சொன்னேன். இப்படி ஒரு விலைக்கு இந்த டெக்சாஸ்லயே எவனுக்கும் கிடைக்காதுன்னு சொன்னேன். "சரி, பார்த்து வாங்க"ன்னா. ரெண்டே கால் மணிக்கு மறுபடி அடிச்சேன். எடுக்கலை. மறுபடியும் அடிச்சேன். மூணாவது தடவையும் எடுக்கலை. எனக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியலை தம்பி. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன். துப்பாக்கி இருந்துச்சு. அப்பத்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

கடைக்குப் பின்னால வண்டியை நிறுத்தினேன். முன்வாசல் வழியாப் போனா மணி அடிக்கும். பின்கதவைச் சத்தமில்லாமத் திறந்து உள்ள போனேன். கூலர் ரூமைத் தாண்டி, சிப்ஸ் அடுக்கு இருக்குற இடத்துல நின்னு எட்டிப் பார்க்குறேன். கல்லாவுல ஆள் இல்ல. கல்லாவுக்குப் பக்கத்துல தரையில உலகு கால் தெரியுது. ஒரு செருப்பு தள்ளிக் கிடக்கு. அவமேல ஒருத்தன் குனிஞ்சிருக்கான். தலை மூடி, நனைஞ்ச சட்டை, முதுகு எனக்கு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

துப்பாக்கியை எடுத்தேன். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். கை துளி நடுங்கலை. அவ்வளவு ஞாயித்துக்கிழமையும் அன்னைக்குப் பலன் குடுத்துச்சு. யாருடா நீன்னு கூட நான் கேட்கலை. முதுகுக்கு நடுவுல குறி வச்சு அழுத்தினேன்.

டிக்.

சத்தம் கேட்டு அந்த ஆள் திரும்பினான். யாருன்னு நினைக்கிறீங்க? லூயிஸ். எதிர்ல டயர் கடையில வேலை பார்க்குற மெக்சிகோக்காரரு. நாலு வருஷமா தினமும் வந்து காப்பி குடிக்கிற ஆள், எங்க ஆரபி வயசுல அவருக்கும் ஒரு மக உண்டு. ஒரு கையில போன். இன்னொரு கை உலகு தலைக்கு அடியில. போன்ல ஒரு பொம்பளை கேட்டுக்கிட்டே இருக்கா: "ஐயா, அவங்க பேசுறாங்களா? ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டு இருக்கு. ஐயா, இருக்கீங்களா?"

லூயிஸ் என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

நடந்தது இதுதான். மழைக்குத் தலையை மூடிக்கிட்டு உள்ள வந்திருக்காரு. பர்ஸை எடுக்கப் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டிருக்காரு. உலகு பயந்து பின்னால போய், தண்ணி பாட்டில் கட்டு தடுக்கி விழுந்துட்டா. இடுப்பு எலும்பு விட்டுப் போச்சு. அவருதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, தன் சட்டையை மடிச்சுத் தலைக்கு வச்சு, பக்கத்துல உக்காந்திருக்காரு. நாப்பது நிமிஷமா. அன்னைக்குப் பெரிய ரோட்டுல ஏதோ விபத்து, ஆம்புலன்ஸ் வர நேரமாயிடுச்சு.

உலகு படுத்தபடியே என்னைப் பார்த்துத் தமிழ்ல சொன்னா: "அதைக் கீழ வைங்க. இவரு இவ்வளவு நேரமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

வச்சேன்.

ஆம்புலன்ஸோட போலீசும் வந்துச்சு. லூயிஸ் துப்பாக்கியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. "அம்மா விழுந்துட்டாங்க, நான் போன் பண்ணினேன்"னு மட்டும் சொன்னாரு. மறுநாள் நான் டயர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு காப்பி மெஷினே வாங்கிக்கிட்டுப் போனேன். "எனக்கு ஒண்ணும் ஆகலை சார்"னு சொல்லிட்டு டயருக்குள்ள குனிஞ்சுட்டாரு. மெஷினைத் தொடவே இல்ல. இப்ப ரோடு தாண்டி, அரை மைல் நடந்து போய் வேற கடையில காப்பி குடிக்கிறாரு. மழையிலயும் நடந்துதான் போறாரு, நான் கல்லாவுல இருந்து பார்க்குறேன்.

உலகுக்கு ஆபரேஷன் நடந்துச்சு. ஆரபி வந்தா, அம்மாவைச் சிகாகோவுக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு மாசம்னுதான் சொன்னாங்க. இப்ப ஒன்பது மாசம் ஆகுது. அங்க ஒரு முதியோர் இல்லத்துல உலகு வேலைக்குச் சேர்ந்துட்டாளாம். ஊன்றுகோல் வச்சுக்கிட்டே போறாளாம். ஆரபி சொல்லித்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். அம்மா குளிக்கிறாங்கன்னு சொல்லுவா. அம்மா தூங்குறாங்கன்னு சொல்லுவா.

துப்பாக்கியை வித்துட்டேன் தம்பி. தோட்டா அடைக்கிற மெஷினையும் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரு. கடைசியா இந்தக் குண்டுதான். இதுவும் போயிட்டா வெறும் கராஜைப் போட்டோ எடுத்து அனுப்பலாம்னு இருந்தேன். முந்தாநாள் ஆரபிகிட்ட சொன்னேன். "அப்பா, அம்மா கராஜைப் பத்தி ஒரு நாளும் கேட்டதில்லப்பா"ன்னா.

ஒரே ஒரு தடவைதான் உலகு அவளாப் பேசினா. போன மாசம். நலமா, சாப்பிட்டீங்களா எல்லாம் கேட்டா. அப்புறம் கேட்கிறா: "ஏங்க, அன்னைக்கு அது காலின்னு உங்களுக்குத் தெரியும்ல? காலின்னு தெரிஞ்சு, சும்மா பயமுறுத்தத்தான அழுத்தினீங்க?"

கேள்வி மாதிரி இல்ல தம்பி. கையேந்துற மாதிரி இருந்துச்சு.

"ஆமா உலகு, தெரியும்"னேன். வேற என்ன சொல்றது? டோரதி வீட்டுல கழட்டினதை எல்லாம் விவரமாச் சொன்னேன். தோட்டாச் சட்டம் அப்பவும் வண்டியிலதான் கிடந்துச்சு, போய்ப் பார்த்தேன்னு சொன்னேன். எல்லாம் நிஜம்தான். கேட்டுக்கிட்டே இருந்தா. "சரிங்க, வைக்கிறேன்"னா. அதுக்கப்புறம் அவ குரலை நான் கேட்கலை.

உங்ககிட்ட ஒண்ணை விட்டுட்டேன். ஒரு டிக்குன்னு சொன்னேன்ல? ஒண்ணு இல்ல. சுடச் சொல்லிக் குடுக்குறவங்க முத நாளே சொல்லுவாங்க: வெடிக்காம டிக்குன்னு மட்டும் கேட்டா யோசிச்சுக்கிட்டு நிக்காத, துப்பாக்கியோட மேல் இரும்பை ஒரு இழு இழுத்து அடுத்த தோட்டாவை ஏத்திட்டு மறுபடி அழுத்துன்னு. ஆயிரம் தடவை பழகியிருக்கேன். முத டிக்குக்கு லூயிஸ் திரும்பிட்டாரு. அவரு மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. போனும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் இழுத்தேன். நெஞ்சுக்கு நேரா மறுபடி அழுத்தினேன்.

காலின்னு தெரிஞ்சவன் எதுக்குத் தம்பி ரெண்டாவது தடவை இழுப்பான்? அவ அதைப் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருந்தா.

என்ன, விலையைக் குறைக்கணுமா? சரி, நீங்க பார்த்துக் குடுங்க. அந்தப் பக்கம் நீங்க பிடிங்க, இந்தப் பக்கம் நான் தூக்குறேன். முப்பது கிலோவுக்கு மேல இருக்கும். முட்டியை மடக்கித் தூக்குங்க, இடுப்பைப் பத்திரமா வச்சுக்கோங்க.